மீன் வயிற்றில் இருந்த இடங்கள்

என் வீட்டுக்காரர் இப்போது முன் அறைக் கதிரையில் உட்கார்ந்து ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார். முன்பெல்லாம் அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு அப்படி இல்லை. சத்தம் கேட்டால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று மனசு அடங்கிவிடுகிறது.

மகாவலி ஆற்றில் எந்த இடத்தில் நல்ல மீன் படும் என்று என்னிடம் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். நான் தூண்டில் பிடித்தவள் இல்லை. நான் பிறந்தது ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டத்தில். அங்கே மீன் என்றால் கருவாடு, சம்பள நாளில் டின் மீன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனேன். கல்யாணம் முடிந்து கெலிஓயாவுக்கு வந்த பிறகுதான் ஆற்று மீனைக் கையில் தொட்டேன். முதல் மீன் செத்துப்போனது என்று நினைத்து அரிவாள்மனையில் வைத்தேன். அது வாலை அடித்தது. நான் சட்டியோடு கீழே போட்டுவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாக ஓடிவிட்டேன். மாமியார் வாசல் வரைக்கும் வந்து சிரித்தார்.

வீட்டுக்காரர் கண்டி – கம்பளை பஸ்ஸில் முப்பது வருஷம் கொண்டக்டராக இருந்தவர். அந்த ரோட்டில் போனால் ஆறு பக்கத்தில் வரும், மறையும், திரும்ப வரும். மற்றவர்கள் ஜன்னலால் கடையைப் பார்ப்பார்கள், பெண்பிள்ளைகளைப் பார்ப்பார்கள். இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே டிக்கட் கிழிப்பார். எங்கே நாரை நிற்கிறது, எங்கே தண்ணீர் சுற்றுகிறது, எந்த வளைவில் மூங்கில் சாய்ந்து நிழல் விழுகிறது என்றெல்லாம் பார்த்து வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை லீவு. ஆறு நாள் கத்திய வாயை மூடிக்கொண்டு தூண்டிலோடு போய்விடுவார். வேலையை விட்டு பென்சன் எடுத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையை அவர் விடவில்லை. எழுபது வயது தாண்டியும் விடவில்லை.

மீன் பிடிக்கிற ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கே போகிறோம் என்று உண்மையைச் சொல்லமாட்டார்கள். கேட்கிறவரும் உண்மை வரும் என்று நினைத்துக் கேட்பதில்லை. அவர்களுக்குள் அது பொய்க் கணக்கில் சேராது. நல்ல இடம் என்பது ஒருத்தருக்குத் தெரிகிற வரைக்கும்தான் நல்ல இடம், பத்துப் பேருக்குத் தெரிந்தால் அங்கே பாண் துண்டும் சொப்பிங் பேக்கும்தான் மிதக்கும் என்று இவர் சொல்வார். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு இடம் சொல்லுவார். ஒரே பொய்யைச் சொன்னால் இரண்டு பேர் சேர்ந்து யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

இவருக்குக் கூட்டாளியும் எதிராளியும் ஒரே ஆள்தான். டவுனில் தையல் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். இவருக்கு நல்ல இடம் ஒன்று இருக்கிறது என்று நானாவுக்கு இருபது வருஷமாகச் சந்தேகம். ஒரு தடவை இவர் பின்னாலேயே வந்திருக்கிறார். இவர் அதைப் பார்த்துவிட்டு பேராதனை வரைக்கும் பஸ்ஸில் போய், பூந்தோட்டத்து வாசலில் இறங்கி, டிக்கட் எடுத்து உள்ளே போய்ப் பூப் பார்த்துவிட்டுத் தூண்டிலோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நானா வெளியில் இரண்டு மணித்தியாலம் காத்துக்கிடந்தாராம்.

எனக்கும் உண்மையைச் சொல்லமாட்டார். “உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி” என்பார். நான் பக்கத்து வீட்டாரிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். கடைக்குப் போனால் கூட சாமானைக் கையால் காட்டுவேன். பேசினால் முகம் சூடாகிவிடும், நாக்குத் தடுக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனாலும் அவர் சொல்லமாட்டார். நானும் தோண்டித் துருவிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போய்விட்டது.

நாற்பது வருஷத்துக்கு மேலாக அவர் கொண்டுவந்த மீனெல்லாம் கழுவினது நான்தானே. செதிள் உரசி, வயிற்றைக் கீறி, குடலை எடுத்து வாழைமரத்தடியில் போடுவேன். முதல் ஒன்றிரண்டு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். பிறகு கண் தானாகப் பார்க்கத் தொடங்கியது. சில நாள் வயிற்றில் கறுப்புச் சேறு, சாக்கடை நாற்றம். அது பொல்கொல்லைப் பக்கத்து அணையில் தேங்கி நிற்கிற தண்ணீர். சில நாள் சோற்றுப் பருக்கை இருக்கும், அவித்த கடலைத் தோல் இருக்கும். அது புண்ணியத்துக்காக மீனுக்குத் தீனி போடுகிற துறை ஒன்றுக்குக் கீழ்ப்பக்கம். அந்த மீனை நான் ஆக்கிக் கொடுப்பேன், என் வாயில் வைத்ததில்லை. மணல் அள்ளுகிற குழியில் பிடித்த மீன் என்றால் குடல் நறநறவென்று கத்தியில் உரசும். கல்லுக்கு மேலே ஓடுகிற தண்ணீர் மீனுக்குப் பச்சைப் பாசி, அதில் ஒரு வாசமும் இருக்காது, கறி நன்றாக இருக்கும்.

எல்லாவற்றிலும் நல்ல மீன் ஒன்று இருந்தது. வருஷத்தில் ஆறேழு தடவைதான் வரும். கொழுத்த கெண்டை. வயிற்றைக் கீறினால் குரக்கன் தானியம் மாதிரி பொடி விதை கொட்டும். முதலில் குரக்கன் என்றே நினைத்தேன். ஆற்றில் யார் குரக்கன் போடுவார்கள் என்று விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். அத்தி விதை. தோட்டத்தில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் அத்தி மரம் இருந்தது, பழத்தைப் பிய்த்துத் தின்று வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா? அந்த மீன் வருகிற நாளில் அவர் கட்டியிருக்கிற சாரத்தின் கரையில் சிவப்புத் தூள் ஒட்டியிருக்கும். வெறும் செம்மண் இல்லை. செம்மண் ஊறவைத்தால் போகும். இது சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கசக்கினாலும் தண்ணீர் சிவப்பாகவே வரும். செங்கல் தூள்.

ஆக, அத்தி மரம், தண்ணீர், பக்கத்தில் செங்கல் சூளை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தச் சூளை எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்து என்ன செய்யப்போகிறேன்? துவைத்துக் காயப்போட்டேன், குழம்பு வைத்தேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நாலைந்து நாளாக மழை. சனிக்கிழமை விட்டது. ஞாயிறு காலையில் வெயில் கூட அடித்தது. அவர் விடியற்காலை ஐந்து மணிக்கே இரண்டு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

“எங்க போறீங்க?” என்று வழக்கத்துக்குக் கேட்டேன்.

“பேராதனப் பக்கம்” என்றார் அவரும் வழக்கத்துக்கு.

போனை எப்போதும் போல அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போனார். தண்ணீரில் விழுந்துவிடுமாம். மீன் கிட்டே வருகிற நேரம் பார்த்து, கட்டிக்கொடுத்த மகள் போனில் கூப்பிடுவாளாம்.

பதினொரு மணி இருக்கும், கீழே ரோட்டில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று போனது. முதலில் சிங்களத்தில் சொன்னார்கள், பிறகு தமிழில். மேலே மலையில் கடும் மழை, மேலே உள்ள அணையின் வான்கதவுகளைத் திறக்கிறார்கள், ஆற்றோரத்தில் இருக்கிறவர்கள் விலகிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஒரு துளி மழை இல்லை. உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. நான் வேலிக்குப் பக்கத்தில் போய்க் கீழே பார்த்தேன். எங்கள் வீட்டு மேட்டிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவில் ஆறு ஒரு கைத்துண்டு அளவுக்குத் தெரியும். காலையில் பச்சையாக இருந்தது. இப்போது பால் கூடிப்போன தேத்தண்ணி மாதிரி இருந்தது. நடுவில் ஒரு மரம் வேரோடு போனது. கண் மூடித் திறப்பதற்குள் அது மறைந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோ ஓட்டுகிறவர். சிங்களவர், நாற்பது நாற்பத்தைந்து வயது. தமிழ் பேசுவார். வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டார்.

“அக்கே, அய்யா வந்தாச்சா?”

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

“அய்யோ! என்கிட்ட பொல்கொல்ல போறேன்னு சொன்னார் நே. நான் அங்க ஸ்டேண்ட்ல உள்ள ஆளுங்களுக்குக் கோல் எடுக்கிறேன்.”

அந்த நேரம் அலுமாரிக்குள் போன் அடித்தது. நான் அவருடைய போனை எடுப்பதில்லை. அன்று எடுத்தேன். நானாவின் குரல்.

“கொண்டக்டர், வீட்டிலயா ஈக்கிறீங்க? அல்ஹம்துலில்லாஹ்!”

“நான்தான்… அவரு இல்லீங்க” என்றேன்.

“வாறேன் தங்கச்சி” என்று வைத்துவிட்டார். கால் மணித்தியாலத்தில் வேர்க்க வேர்க்க வந்து சேர்ந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. ஆட்டோக்காரத் தம்பியும் வந்தார். ரோட்டில் நின்ற நாலைந்து ஆண்களும் சேர்ந்துவிட்டார்கள். வாசல் நிறைய ஆட்கள்.

“எனக்கிட்ட சென்னது கம்பளப் பாலத்துக்கு மேலன்டு” என்றார் நானா.

“என்கிட்ட பொல்கொல்ல.”

“என்னையப் பாத்து மணல் துறைக்குன்னாரு” என்றார் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறவர்.

“அக்காகிட்ட என்ன சொன்னார்?”

நான் கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றேன். “பேராதன” என்றேன். அது அவர்களுக்குக் கேட்டதோ என்னவோ, ஒருத்தர் திருப்பிச் சொன்னார். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பெஞ்சாதியிடம் சொன்னதுதான் உண்மையாக இருக்கும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அது எப்படி, பெஞ்சாதியிடம்தான் முதல் பொய் சொல்வான் என்று இன்னொருத்தர். மூன்று பக்கமாகப் பிரிந்து போவோம் என்றார்கள். யார் எங்கே, எந்த ஆட்டோவில் என்று சண்டை.

நான்கு இடமும் இல்லை என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம் மீன் நன்றாகப் படவில்லை. அதற்கு முந்தின வாரமும் இல்லை. அப்படி இரண்டு வாரம் சரியாகப் படாமல் போனால் மூன்றாவது வாரம் அவர் அத்திமரத்து மீனைத்தான் கொண்டுவருவார். வருஷக்கணக்காக அப்படித்தான். குடலை எடுத்துப்போட்ட எனக்கு அது ரேகை பார்க்கிற மாதிரி பழகியிருந்தது.

ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அடுப்பில் கேத்தல் கொதித்துத் தண்ணீர் வற்றுகிற வாசம் வருகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். பத்து ஆண்களுக்கு முன்னால் பேசுவதற்கு வெட்கம். நான் சொல்லி, அது பிழையாகப் போய், சரியான இடத்துக்குப் போக இருந்தவர்களையும் நான் திருப்பிவிட்டால்? இன்னொன்றும் இருந்தது. அவர் இருபது வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை நான், அதுவும் நானாவுக்கு முன்னால், எப்படிப் போட்டு உடைப்பது? ஆள் செத்துக்கொண்டிருக்கலாம், நான் அவருடைய மீன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது. பொல்கொல்லைக்குப் போகப் புறப்பட்டுவிட்டார் தம்பி. அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் கால் வந்தது. சீலையை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“செங்கல் சூள” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. நானா மட்டும் திரும்பிப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி?”

“ஆத்தோரம் செங்கல் சூள எங்க இருக்கு நானா? பக்கத்துல அத்தி மரம் இருக்கணும். தண்ணிக்கு மேல சாஞ்ச மாதிரி. அவரு அங்கதான்.”

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நானா கழுத்திலிருந்த நாடாவை இழுத்துக் கையில் சுற்றினார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. திடீரென்று கண் பெரிதாகியது.

“கம்பள ரோட்டில, சின்னப் பள்ளிவாசலத் தாண்டி, கீழ எறங்குற பாத! சூளைக்கு எதுக்க ஆத்துக்கு நடுவில ஒரு திட்டு ஈக்கி. அதுல அத்தி மரம்!” என்றார். அந்தப் பதற்றத்திலும் அவரால் அடக்க முடியவில்லை. “அட கள்ளன்! நான் அந்தப் பாதையால எத்தன தரம் பெய்த்தீக்கேன்! முழங்கால் தண்ணிதானே, நடந்தே போகலாம்!”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முழங்கால் தண்ணீர் காலையில். இப்போது ஆறு எப்படிப் போகிறது என்று கீழே பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை சூளையில் ஒரு வேலைக்காரரும் இருக்கமாட்டார், கத்தினாலும் கேட்க ஆளில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். தம்பி ஆட்டோவைத் திருப்பினார். நான் யாரும் கூப்பிடாமலே பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வீட்டுச் சட்டையோடு, செருப்புக் கூட இல்லாமல். அடுப்பை யார் அணைத்தார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

வழியில் தம்பி ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையில் போன் பேசினார். சூளைக்குக் கொஞ்சம் மேலே மணல் எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்களாம், அவர்களிடம் படகும் கயிறும் இருக்கிறதாம். நானா ஓதிக்கொண்டே வந்தார். இடையில் நிறுத்தி என்னைப் பார்த்து, “தங்கச்சி, உங்களுக்கு அவர் சென்னாரா அந்த எடத்த?” என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். “பொறகு எப்படி?” என்றார். “மொதல்ல போய்ச் சேருவோம் நானா” என்றேன்.

சூளைப் பாதையில் ஆட்டோ பாதி வரைக்கும்தான் போனது. மிச்சத்தை நடந்தோம். கால் முழுக்கச் செங்கல் தூள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் வந்தது, ஒரு தைரியமும் வந்தது.

கரைக்கு வந்தால் திட்டைக் காணவில்லை. தண்ணீர்தான். நடுவில் அத்தி மரம் மட்டும் ஆற்றிலிருந்து முளைத்த மாதிரி நின்றது. அடிமரம் தண்ணீருக்குள். கிளையெல்லாம் அடர்த்தியான இலை. ஆறு போகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்கவில்லை. நானா கையைக் குவித்துக் கத்தினார். “கொண்டக்டர்! ஓய் கொண்டக்டர்!” பதில் இல்லை. திரும்பக் கத்தினார். இல்லை. பிழையான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன், அவர் நிஜமாகவே பேராதனையில் இருந்திருக்கிறார், இந்த ஒரு தடவை எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது மேல்கிளை ஒன்றில் இலை விலகியது. முதலில் கூடை தெரிந்தது, ஒரு சுள்ளியில் மாட்டியிருந்தது. பிறகு சாரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஈரக் கோழி மாதிரி என் வீட்டுக்காரர். முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திய குரல், ஆற்றையும் தாண்டி வந்தது.

“நானா! நீங்க எப்புடி இங்க வந்தீங்க?”

நானா தலையில் கை வைத்துக்கொண்டார். “உசுரு போற நேரத்தில கேக்குற கேள்வியப் பாருங்க!” என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே சிரித்தார். தம்பியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். உயிரோடு இருக்கிற மனுஷன்தானே இப்படிக் கேட்பான் என்று ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது.

மணல்காரர்கள் இரண்டு பேர் வந்து மேலேயிருந்து படகைக் கயிற்றில் விட்டார்கள். இரண்டு தடவை தவறிப்போய் மூன்றாவது தடவை மரத்தில் முட்டியது. கிளையை விட்டு இறங்கு என்றால் இறங்கமாட்டேன் என்கிறார், கை மரத்துப்போயிருக்கிறது. ஒருத்தர் மரத்தில் ஏறி அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். படகில் இறக்கியதும் கூடை என்று கையைக் காட்டினார். அந்த மனுஷன் ஏசிக்கொண்டே ஏறிக் கூடையையும் எடுத்துக் கொடுத்தார். கரைக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. நான் அங்கே நிற்பேன் என்று நினைக்கவே இல்லை போலிருக்கிறது. பிறகு பார்த்தார்.

“நீ ஏன் செருப்பில்லாம நிக்கிற?” என்று கேட்டார்.

தண்ணீர் ஒரேயடியாக வந்ததாம். தூண்டிலைச் சுற்றி எடுப்பதற்குள் இடுப்பளவு. நீந்தலாமா என்று பார்த்துவிட்டு மரம்தான் நல்லது என்று ஏறினாராம். ஏறும்போது எழுபது வயது ஞாபகத்துக்கு வரவில்லையாம், ஏறிய பிறகுதான் வந்ததாம். மூன்று மணித்தியாலம் அங்கே இருந்திருக்கிறார். யாருக்கும் தெரியாத இடத்தில் வந்து மாட்டிக்கொண்டேனே, கத்தி என்ன பிரயோசனம் என்று சத்தமே போடாமல் இருந்தாராம். இதையெல்லாம் ஆட்டோவில் நானாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு சொன்னார்.

“இப்ப சென்னா கோவப்படப்படாது” என்றார் நானா. “எடத்தக் காட்டித் தந்தது உங்கட வீட்டுக்காரிதான்.”

அவர் என் பக்கம் திரும்பினார். நான் வெளியில் பார்த்தேன்.

சுடுதண்ணீர் வைத்து ஊற்றினேன். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். மகள் போனில் கத்தினாள், தகப்பனும் பதிலுக்குக் கத்தினார். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் போன பிறகு, நாலு மணி போல, அந்தக் கூடையை எடுத்து வைத்துக்கொண்டு நான் பின்பக்கம் உட்கார்ந்தேன். நாலு கெண்டை. வெள்ளத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டுவந்ததை அழுகவிடவா முடியும்?

அவர் வந்து பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நான் மீன் கழுவுகிற இடத்துக்கு அவர் வந்து உட்கார்ந்ததில்லை. நாற்றம் பிடிக்காது என்பார்.

“ஒனக்கு எப்புடித் தெரிஞ்சிச்சி?” என்றார்.

நான் ஒரு மீனின் வயிற்றைக் கீறிக் குடலைக் கையில் பிதுக்கிக் காட்டினேன். விதை கொட்டியது. அவர் குனிந்து, கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஒன்றை விரலில் எடுத்து நசுக்கினார்.

“அத்தி” என்றார்.

“சாரத்துல செங்கல் தூளும் இருக்கும்” என்றேன்.

விரலைச் சாரத்தில் துடைத்தார். பிறகு மெதுவாக, “மத்த எடமும் தெரியுமா?” என்று கேட்டார்.

சொன்னேன். கறுப்புச் சேற்றைச் சொன்னேன், சோற்றுப் பருக்கையைச் சொன்னேன், மணலைச் சொன்னேன், பாசியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு நாக்குத் தடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் “ம்” போட்டார். சில இடத்துக்கு, “அங்க நான் போய்ப் பத்து வருஷம் ஆச்சே” என்றார். “பதினோரு வருஷம்” என்று திருத்தினேன். அன்றைக்குப் பேசின அளவு நான் அவரிடம் வேறு எந்த நாளும் பேசினதில்லை.

“இனிமே போனா உண்மையச் சொல்லிட்டுப் போங்க” என்றேன். “எனக்கு மட்டும் சொன்னாப் போதும். குடல் சாயந்தரம்தான் சொல்லும். எனக்குக் காலையிலயே தெரியணும்.”

“சரி” என்றார். உடனே சொன்னார், யோசிக்கவில்லை. அத்திமரத்து இடம் போய்விட்டது என்று முணுமுணுத்தார், அடுத்த ஞாயிறே நானா பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார் என்றார். அதில் அவருக்கு உண்மையில் பெரிய வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

எழுந்து போகப் பார்த்தவர் திரும்ப உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் மீனைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“சில நாளு வயித்துல ஒன்னுமே இருக்காதே. வெறும் வயிறா. அது எந்த எடம்னு தெரியுமா?”

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அந்த மீன் ஐஸில் கிடந்து விறைத்திருக்கும். கண் குழிந்திருக்கும். வாயில் தூண்டில் குத்திய காயம் இருக்காது, உடம்பில் வலை இறுக்கிய கோடு இருக்கும். கம்பளை ரோட்டில் பலகை போட்டுக் குளத்து மீன் விற்கிற ஆளிடம் வாங்கினது. ஒன்றும் படாத நாளில் வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு வாங்கி, தான் பிடித்த மாதிரி கூடையில் போட்டுக்கொண்டு வருவார். “இன்னைக்கு நல்லாப் பட்டுச்சி” என்பார். எத்தனை வருஷம்! நானும் “ஆமா, பெரிய மீனு” என்று சொல்லிக் கழுவியிருக்கிறேன்.

“அது மட்டும் தெரியலீங்க” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. மூன்று மணித்தியாலம் மரத்தில் இருந்த மனுஷன் மாதிரியே இல்லை. முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

“எல்லாத்துலயும் நல்ல எடம் அதுதான்” என்றார். “அத மட்டும் சொல்ல மாட்டேன்.”

“வேணாம், சொல்லாதீங்க” என்றேன். ரோட்டோரத்துப் பலகைக்கு எந்த வெள்ளமும் வராது. நான் அடுத்த மீனை எடுத்தேன்.